பாக்ஸை இறக்குமுன்

ஐம்பது வயதான ஆட்டோமேட்டிக் கார் ஒன்று கியர் மாற அடம்பிடித்தால், திருநெல்வேலி டவுணானாலும் சென்னையானாலும் ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “பாக்ஸை இறக்கிப் பாத்தாதான் சொல்ல முடியும்” என்பது. இது தவறான தொடக்கம் என்பது என் கட்சி. அந்தத் தவறில் மெக்கானிக்கைவிடக் கார் வைத்திருப்பவருக்கே பங்கு அதிகம். பழுதைச் சரிசெய்யத் தாராளமாகக் காசு கொடுக்கிறோம். அதைக் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரத்துக்குக் கொடுப்பதில்லை. கூலி எதற்குக் கிடைக்கிறதோ அந்த வேலைதான் நடக்கும்.

இந்தக் கார்களில் கம்ப்யூட்டர் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் கொண்டுவந்த ஹைட்ராமேட்டிக் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இவை எண்ணெய் அழுத்தத்தை வைத்தே கியரை முடிவுசெய்தன. கார் ஓடும் வேகத்தை கவர்னர் சொல்லும்; இன்ஜின் இழுக்கும் பாரத்தை ஆக்சிலேட்டரோடு சேர்ந்த கம்பியோ, இன்ஜினின் வேக்குவமோ சொல்லும். 1964இல் வந்த டர்போ ஹைட்ராமேட்டிக் 400ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இறங்கி, பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பாவில் ஒரு துண்டு ரப்பர் டியூப் வழியாகச் சேரும். நம் ஊர் வெயிலில் அந்த ரப்பர் காய்ந்து வெடித்தால் வேக்குவம் கசியும். இன்ஜின் முழுப் பாரம் இழுக்கிறது என்றே பாக்ஸ் எடுத்துக்கொள்ளும். கியர் தாமதமாக, தடக்கென்று அடித்து மாறும். டியூபைக் கழற்றும்போது உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் மாடுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த எண்ணெயை இன்ஜின் உறிஞ்சி, சைலன்சர் வழியே வெள்ளைப் புகையாக விடும். தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் எண்ணெய் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். மாடுலேட்டரை மாற்ற ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் போதும். கார்புரேட்டரோ இக்னிஷன் டைமிங்கோ கெட்டு வேக்குவம் குறைந்தாலும் அடையாளம் இதேதான். நோய் இன்ஜினில், பழி பாக்ஸ் மேல்.

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்று கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும் கார்களில் வேறொரு பயம் உண்டு. நிற்கும் காலத்தில், இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரின் எண்ணெய் மெல்ல வடிந்து அடித்தட்டுக்கு வந்துவிடும். ஸ்டார்ட் செய்து ‘டி’யில் போட்டால் சில விநாடி கார் அசையாது, கன்வெர்ட்டர் நிரம்பியதும் நகரும். நிற்கும் காரில் டிப்ஸ்டிக் பார்த்தாலோ எண்ணெய் மிதமிஞ்சித் தெரியும். சமதரையில், சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும், லீவர் ஜி.எம். கார்களில் பார்க்கிலும் பழைய கிறைஸ்லர்களில் நியூட்ரலிலும் இருக்க வேண்டும். எண்ணெயின் நிறம் அளவைவிட அதிகம் பேசும். தெளிந்த சிவப்பு நல்லது. கருத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் போலக் கலங்கியிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் கசிந்து தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வந்ததும் வராததுமாக எண்ணெயை வடித்துவிடும் ஒர்க்‌ஷாப், முதல் சாட்சியைக் கொட்டிவிடுகிறது.

“இறக்கிப் பார்த்தபோது பிளேட்டெல்லாம் தேய்ந்துதானே இருந்தது?” என்று கேட்பவர்கள் உண்டு. அரை நூற்றாண்டு ஓடிய எந்தப் பாக்ஸைப் பிரித்தாலும் தேய்மானம் தெரியும். அது பழுதுக்குக் காரணம் என்று அதனாலேயே ஆகிவிடாது. புதுப் பிளேட் போட்டு மாட்டிய பிறகும் அதே வெடித்த டியூப் தொங்கினால் அதே தடக்தான். இறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடித்தட்டில் உலோகத் துகள் கிடந்தால், பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்து எல்லா லீவர் நிலையிலும் அழுத்தம் குறைவாகவே இருந்தால், பில்டரும் எண்ணெய் அளவும் சரியாக இருக்கும்போது, இறக்கித்தான் ஆக வேண்டும். அப்போது அந்தச் செலவுக்கு எழுத்தில் ஓர் ஆதாரம் இருக்கும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம்: பாகம் கிடைக்காத பெட்டியோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும், மேனுவல் கியர் போட்டு ஓட்டலாமே என்பது. அமெரிக்கப் பாக்ஸ்களில் பரவலாக விற்றவற்றுக்கு சீல் கிட்டும் பில்டரும் மாடுலேட்டரும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. வரவழைக்கப் பொறுமைதான் வேண்டும். மேனுவலாக்க கிளட்ச் பெடலும் லீவரும் வைக்க வேண்டும். அதற்காகத் தரைத் தகட்டை அறுத்துவிட்டால் போன அசல் திரும்பாது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதி, ஐம்பது ஆண்டு கடந்த, அசல் வடிவில் காக்கப்பட்ட வண்டிகளுக்குத்தான் ‘விஏ’ வரிசைப் பதிவெண்ணைத் தருகிறது. சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் அந்தத் தகுதியையே சந்தேகத்துக்கு ஆளாக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

நெல்லையில் இத்தகைய கார் விரல்விட்டு எண்ணக்கூடியதுதானே, இதற்கு ஒரு கட்டுரையா என்றும் கேட்கலாம். 2014இல் மாருதி செலெரியோ ஏ.எம்.டி. என்ற தானியங்கி கியரோடு வந்த பிறகு கிளட்ச் பெடல் இல்லாத கார் நடுத்தரக் குடும்பத்துக்கும் வந்துவிட்டது. அந்த முதல் தலைமுறைக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது. அதன் இயந்திரம் வேறு, ஸ்கேனரும் உண்டு. ஆனால் ஸ்கேனர் காட்டும் எண் எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் சொல்லும். பார்க்காமல் பிரிக்கும் வழக்கம் அங்கேயும் கையைத்தான் கடிக்கும்.

ஆகவே கண்டுபிடிப்புக் கூலியைத் தனியாகப் பேசிக் கொடுப்போம், பழுது பத்து ரூபாய் டியூபில் முடிந்தாலும் சரி. சோதிக்க ரத வீதியைச் சுற்றி வந்தால் நெரிசலில் கார் மேல் கியருக்கே போகாது. தாழையூத்துப் பக்கம் நாற்கரச் சாலையில் ஓட்டிப் பார்க்க ஆகும் பெட்ரோலும் அதில் சேரட்டும். பதிலுக்கு ஒரு தாள் கேட்போம்: எண்ணெயின் அளவு, நிறம், வாடை, வேக்குவம் எவ்வளவு, காலை லேசாக வைத்தபோதும் அழுத்தியபோதும் எந்த வேகத்தில் கியர் மாறியது, ஒவ்வொரு லீவர் நிலையிலும் கேஜ் காட்டிய அழுத்தம். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் தொழில் படிக்க வரும் பிள்ளைகளுக்குப் பழைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஒன்றும் பிரஷர் கேஜ் ஒன்றும் கிடைத்தால், அந்தத் தாளை நிரப்பத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே உருவாவார்கள்.