சரகரையாவது நம்புங்கள்

"இங்கிலீஷ் மருந்தெல்லாம் நிறுத்திட்டேன். கிட்னி போயிடுமாம். இது சர்க்கரையை வேரோட எடுத்துடும்னு சொல்றா." ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்களுக்குத் தெரிந்த மாமி ஒருவர் போன வாரம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டிச் சொன்னார். டப்பாவுக்குள் பழுப்பு நிறப் பொடி. வெளியே தயாரித்தவர் பெயர் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்று இல்லை, தேதி இல்லை. கொடுத்தவர் கொள்ளிடக்கரையில் மாமியோடு நடைப்பயிற்சி செய்கிறவராம். மாமியின் கால் கட்டைவிரலில் ஆறாத புண். இன்சுலினை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

சர்க்கரை வேரோடு போகும் என்று எந்த ஆயுர்வேதம் சொல்கிறது? ஆயுர்வேத ஆசான் சரகர், பிரமேகம் என்ற சிறுநீர் நோயை இருபது வகையாகப் பிரிக்கிறார். கபத்தால் வரும் பத்தும் குணமாகும். பித்தத்தால் வரும் ஆறையும் மருந்தால் கட்டுக்குள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். வாதத்தால் வரும் நான்கும் அசாத்தியம், அதாவது தீராதவை. நாம் சர்க்கரை நோய் என்கிற மதுமேகம் அந்த நான்கில் ஒன்று. கவனிக்காமல் விட்ட பிரமேகம் எல்லாமே கடைசியில் மதுமேகமாகி, தீராத நோயாகும் என்று சுசுருதர் எச்சரிக்கிறார். இன்சுலின் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தவர்கள், தங்களால் முடியாததை முடியாது என்று எழுதி வைத்தார்கள். இன்றைக்குப் பொடி விற்கிறவருக்கு மட்டும் தொண்ணூறு நாளில் அது முடிகிறது!

"நம்ம பெருமாள் கோயில்லயே தன்வந்திரி சன்னதி இருக்கே" என்று அடுத்த வாதம் வரும். இருக்கிறது. போசளர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், கோயிலில் ஆரோக்கியசாலை நடந்ததற்குக் கல்வெட்டுச் சான்றும் இருக்கிறது. அங்கே வைத்தியர் இருந்தார். நோயாளியைச் சோதித்து மருந்து கொடுத்தார். அவர் படித்ததும் மதுமேகம் அசாத்தியம் என்று சொல்லும் அதே சாஸ்திரம்தான். எதையும் சோதிக்காமல் டப்பாவை நீட்டுகிறவர் அவருடைய பரம்பரை என்று சொல்வது அந்த வைத்தியருக்குச் செய்கிற அவமானம்.

மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்பதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய பொய். ரத்தக் கொதிப்புக்கு நம் நாட்டு சர்ப்பகந்தா வேர் வேலை செய்கிறது என்று மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் அந்த வேரிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். உலகமே சாப்பிட்டது. கொதிப்பு இறங்கியது. கூடவே சிலருக்குக் கடுமையான மனச்சோர்வும் வந்தது. வேர்தான், இயற்கைதான். உடம்பில் வேலை செய்கிற எதுவும் ஒரு வேலையோடு நிற்காது. பக்கவிளைவே இல்லாத பொடி என்றால், அதில் விளைவும் இல்லை என்று பொருள்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்தார்கள். அதைத் தொடர்ந்து குடித்துக் கல்லீரல் கெட்ட ஆறு பேரைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். 2008இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு, இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தது. ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயமும் பாதரசமும் தாக்கும் உறுப்புகளில் ஒன்று அதே கிட்னி.

சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னியைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையும் கொதிப்பும். கிட்னி ஏற்கெனவே தளர்ந்துவிட்டால் மருத்துவர் மெட்ஃபார்மினைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதைப் பார்த்துவிட்டு, மாத்திரையால்தான் கிட்னி போனது என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இதை நோயாளியிடம் விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம்தான் கிடைப்பதில்லை. திருச்சி தில்லை நகர் மருத்துவமனைகளில் டோக்கன் போட்டு மாலை முழுவதும் உட்கார்ந்தால், உள்ளே போனதும் ரிப்போர்ட்டைப் புரட்டிச் சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கொள்ளிடக்கரைக்காரர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். மாமி யாரை நம்புவார்? வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அம்மா இன்சுலின் போடுகிறாளா என்று வீடியோ காலில் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் பத்துக் கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அரசு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து இலவசமாகத் தருகிறது. அதை அலமாரியில் வைத்துவிட்டு, பெயரில்லாத பொடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம்.

சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை. இப்படிப்பட்ட விளம்பரங்கள் மீதான வழக்கில் பதஞ்சலி நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் நின்று 2024 ஏப்ரலில் பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் போட்டது. அதே ஆண்டு ஜூலையில், ஆயுர்வேத மருந்து விளம்பரத்துக்கு முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற 170ஆம் விதியையே ஆயுஷ் அமைச்சகம் நீக்கியது. அந்த நீக்கத்தை நீதிமன்றம் தடுத்து வைத்திருந்தது. 2025 ஆகஸ்டில் வழக்கை முடித்தபோது அந்தத் தடையும் போய்விட்டது. ஆனால் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி "சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் தொலைபேசி எண்ணையும் போட்டே ஒட்டுகிறார்கள். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் அந்த எண்ணை ஒரு தடவை அழைத்தால் போதும், வழக்குப் போட வேண்டிய ஆள் யாரென்று தெரிந்துவிடும்.