குப்பையில கெடந்த 25 எழுத்து

போன மாசம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். பெரியப்பாவோட திவசம். போகும்போது அவருக்கு 49 வயசுதான். சிகரெட் கிடையாது, தினமும் கொள்ளிடக்கரை வரைக்கும் நடை. கடைசியா எடுத்த எக்கோவுல இதயத் தசை தடிச்சிருக்குன்னு இருந்துதாம். "எல்லாம் தலையெழுத்துப்பா"ன்னு வந்தவங்க எல்லாம் சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்க.

எழுத்துதான், ஒத்துக்கறேன். ஆனா ஜீன்ல இருக்கற எழுத்தா இருக்கலாமே?

நம்ம டி.என்.ஏ.வுல புரதம் செய்யற பகுதி 2 சதவீதம்கூட இல்லைங்க. மிச்சத்துக்கு 'குப்பை'ன்னு பேரு. 1972-ல சுசுமு ஓனோ பிரபலமாக்கினது. அந்தக் 'குப்பை'யிலேர்ந்து வர்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்குத்தான் 2024-ல நோபல் பரிசே குடுத்தாங்க. மாரடைப்போட தொடர்புள்ளதுன்னு 2007-ல கண்டுபிடிச்ச 9-ஆம் குரோமோசோம் பகுதியிலயும் புரத ஜீன் இல்லை. அங்க இருக்கறது அன்ரில்னு ஒரு புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.

நம்ம ஊர்க் கதை இன்னும் கிட்டத்துல. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துல இருந்த தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யோட தங்கராஜ் குழு எல்லாம் சேர்ந்து 2009-ல வெளியிட்டது. இதயத் தசை ஜீன் ஒண்ணுல, புரதம் செய்யாத இடத்துல, 25 எழுத்து காணோம். ஆர்.என்.ஏ. நகல் எடுத்ததும் வேண்டாத துண்டை வெட்டி, மிச்சத்தை ஒட்டணும். நம்ம டெய்லர் மாதிரின்னு வெச்சுக்குங்க. எங்க வெட்டணும்னு சாக்பீஸ்ல போட்ட கோடு அழிஞ்சா? வேண்டிய துணியும் சேர்ந்து போயிடுது. தசைப் புரதம் கோணலாயிடுது. தெற்காசியர்கள்ல 100-க்கு 4 பேர்கிட்ட இது இருக்காம். சித்திரைத் தேர்ல வடம் பிடிக்கற கூட்டத்தை நினைச்சுப் பாருங்க.

உடனே பயந்து ஜீன் டெஸ்டுக்கு ஓடாதீங்க. இது இருக்கற எல்லாருக்கும் நோய் வர்றதில்லை. இது மட்டும் இருந்தா எவ்வளவு ஆபத்துங்கறதுலயே பின்னாடி வந்த ஆய்வுகள் கேள்வி எழுப்பியிருக்கு. பெரியப்பாவுக்கு இதுதான்னு நானும் சொல்லலை.

என் கோபம் வேற. அப்பாவுக்குத் தசை தடிச்சிருந்தா, பிள்ளைங்களுக்கு ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ எடுக்கணும். அவ்வளவுதான் மேட்டர். அதுக்கு நோபல் லெவல் அறிவெல்லாம் வேண்டாம் :-) பெரியப்பா பையனுக்கு வயசு 41. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்"ங்கறான். அவரும் அதைத்தான் சொல்லிட்டிருந்தார்.

தில்லைநகர்ல வர்ற சனிக்கிழமைக்கு நானே அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். அவன்கிட்ட இன்னும் சொல்லலை. அண்ணிக்குத் தெரியும்.