கூடிப் படிக்க எந்த நாவல்?

பத்துப் பேர் கூடி, மாதம் ஒரு நாவல் படிப்பது நல்ல பழக்கம். ஆனால், எந்த நாவலை எடுப்பது?

"பரிசு பெற்றதா?" என்று சிலர் கேட்பார்கள். அது மட்டும் போதாது. சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2011-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. சிறந்த நாவல்தான். ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல்! எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாள் அதைப் பார்த்தே மிரண்டு விடுவார். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். காரணம் சொல்லவும் கூச்சப்படுவார்.

ஆகவே, மெதுவாகப் படிப்பவரும் ஒரு மாதத்தில் முடிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, வாதாட இடம் வேண்டும். இமையத்தின் 'செல்லாத பணம்' 2020-ம் ஆண்டுக்கான அதே பரிசைப் பெற்றது. பெரும்பாலும் பேச்சாகவே ஓடும் கதை. வீட்டாரை எதிர்த்து மணந்த மகள், தீக்காயத்துடன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கையில் பணம் இருந்தும் பெற்றோர் தவிக்கிறார்கள். தவறு யாருடையது? மாமியார் ஒன்று சொல்வார். மருமகள் வேறொன்று சொல்வாள்.

எல்லோரும் தலையாட்டும் கதைக்குக் கூட்டம் எதற்கு? கடைசி ஆளும் படித்து முடித்து, வாய் திறந்து பேச வேண்டும். அப்படிப் பேச வைக்கும் நாவலையே எடுங்கள்!