ஆணி அடிக்கும் முன்



கடை என்றிருந்தால் சுவரில் படம் இருந்தே தீரும். கல்லாவுக்கு மேலே அவரவர் வழிபாட்டுக்கு ஏற்ற சுவாமி படங்கள். பக்கத்தில் கடையைத் தொடங்கிய பெரியவரின் மாலை போட்ட படம். புத்தாண்டு பிறந்தால் கம்பெனிக்காரர்கள் கொண்டு வந்து கொடுக்கும் காலண்டர்கள். இவை போதாதென்று, உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆகவே சுவரில் ஒன்றும் மாட்டாமல் வியாபாரம் செய்ய முடியாது. எப்படி மாட்டுகிறோம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

நம்மில் பெரும்பாலோர் இருப்பது வாடகைக் கடைகளில். சுவர் அடுத்தவருடையது. ஆனால் ஆணி அடிக்கும்போது அந்த நினைப்பு வருவதில்லை. முத்திரை போட்ட எடைக்கல்லையே சுத்தியலாக்குகிறவர்களும் உண்டு. அது கல்லுக்கும் கேடு, சுவருக்கும் கேடு. வருடத்துக்கு நான்கு காலண்டர், நான்கு ஆணி என்று வைத்துக்கொண்டால்கூட பத்து வருடத்தில் நாற்பது துளைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கையகலம் பூச்சு பெயர்ந்திருக்கும்.

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், 18 வருடம் இருந்த கடையைச் சமீபத்தில் காலி செய்தார். சாவி கொடுக்கப் போன அன்று, சுவரைப் பூசி வர்ணம் அடிக்கும் செலவு என்று சொல்லி முன்பணத்தில் ரூ.15,000 பிடித்துக்கொண்டார் உரிமையாளர். "பதினெட்டு வருடம் ஒரு மாத வாடகைகூட பாக்கி வைத்ததில்லையே" என்றார் இவர். "சுவரைப் பாரும்" என்றார் அவர். கடைத்தெருப் பெரியவர்கள் உட்கார்ந்து பாதிக்குப் பாதி என்று தீர்த்து வைத்தார்கள். பணம் தீர்ந்தது, இருவருக்கும் பேச்சுவார்த்தை இன்று வரை இல்லை. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்ததுதான் இதில் வருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு. வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் வாடகைதாரர் பொறுப்பு. புழக்கத்தால் வரும் சாதாரணத் தேய்மானம் சேதமாகாது. கடையைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டியது ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். சரி, ஆணித் துளை தேய்மானமா, சேதமா? தகராறு பிறக்கும் இடம் அதுதான். ஆகவே கடை எடுக்கும்போதே இதைப் பேசி எழுதிக்கொள்வது உத்தமம்.

எழுதுவதற்கு ஏற்ற எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. கல்லாவுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஆறடி நீளத்துக்கு ஒரு மர ரீப்பர். அதைப் பிடித்து நிறுத்த நான்கே துளைகள். படம், காலண்டர், சான்றிதழ் எல்லாம் அந்த ரீப்பரில் உள்ள கொக்கிகளில்தான் தொங்க வேண்டும். ஆணி அடிப்பதென்றாலும் மரத்தில் அடிக்கலாம். சுவருக்கு ஒன்றும் ஆகாது. காலி செய்யும்போது ரீப்பரைக் கழற்றிக்கொண்டு, நான்கு துளைகளையும் பட்டி வைத்து அடைத்துவிட்டால் கணக்கு முடிந்தது.

அந்த நான்கு துளைகளையும் சுத்தியலால் போடக் கூடாது. டிரில் மெஷினால் துளையிட்டு, ராவல் பிளக் செருகி, திருகாணி முடுக்க வேண்டும். இந்தப் பிளக் 1911-ல் லண்டனில் ஜான் ராலிங்ஸ் என்பவர் வடிவமைத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சுவரைக் கெடுக்காமல் மின்சாரச் சாமான்களைப் பொருத்துவதற்காகவே அது உருவானது என்று சொல்வார்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் முதலில் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தைத் தொடக் கூடாது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடவே கூடாது. இன்றைய கட்டிடங்களில் ஒயர் சுவருக்குள்ளே அந்த வழியில்தான் ஓடுகிறது.

இப்போது ஒட்டும் கொக்கிகள் கடைகளில் கிடைக்கின்றன; நாமும் விற்கிறோம். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு ரேக் போன்ற வழவழப்பான இடத்துக்கு அவை சரி. சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒட்டினால் கொக்கி சுண்ணாம்புத் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், சுவரை அல்ல. கண்ணாடிப் படத்தின் கனத்தையும் நினைக்க வேண்டும். 3 மி.மீ. கண்ணாடி சதுர அடிக்குச் சுமார் 700 கிராம். இரண்டடிக்கு மூன்றடிப் படம் என்றால் கண்ணாடி மட்டுமே நான்கு கிலோவுக்கு மேல். அதன் மேல் ஆயுத பூஜையன்று ஈரமாலையும் ஏறுகிறது. இப்படிப்பட்ட படத்துக்கு மேலே கயிறு மட்டும் போதாது. அடியில் இரண்டு தாங்கு கட்டைகளும் வேண்டும். அவற்றுக்கான துளைகளையும் ஒப்பந்தத்தில் சேர்த்தே எழுதிக்கொள்ளலாம்.

படம் விழுந்தால் கண்ணாடியோடு போகிற நஷ்டமில்லை இது. கீழே வாய் திறந்த அரிசி மூட்டை இருந்தால் மூட்டை முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். ஒரு சில் கண்ணாடி வாடிக்கையாளர் வீட்டுச் சோற்றில் அகப்பட்டால் இத்தனை வருடம் சம்பாதித்த பெயர் போய்விடும். ஆகவே படத்துக்கு நேர் கீழே திறந்த மூட்டை வேண்டாம். படத்தின் மேல் சுற்றிய சீரியல் விளக்கைக் கடை அடைக்கும்போது அணைத்துவிட வேண்டும்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பதை உடம்புக்குச் சொல்வோம். கடைக்காரருக்கு அது நேராகவே பொருந்தும். நமது சங்கம் உறுப்பினர்களுக்காக மாதிரி வாடகை ஒப்பந்தம் ஒன்று தயாரித்து, அதில் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. ஒன்று, ரீப்பருக்கும் பெயர்ப்பலகைக்கும் எத்தனை துளைகளுக்கு அனுமதி என்பது. மற்றொன்று, அவற்றை அடைத்துக் கொடுத்தால் அதற்காக முன்பணத்தில் பிடித்தம் இல்லை என்பது. கடை எடுக்கும் அன்றே நான்கு சுவர்களையும் செல்போனில் படம் எடுத்து உரிமையாளருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைப்பது நல்லது. சுவரை ஒழுங்காக வைத்துக்கொள்ள நாம் முன்வந்தால், துளையைக் காட்டி முன்பணத்தில் கை வைப்பதை உரிமையாளர்களும் விட்டுவிட வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு வரும்.