'எத்தனை மார்க்?' வேண்டாம்... 'எது முக்கியம்?' கேளுங்கள்!

செஞ்சிக் கோட்டை என்றதும் நினைவுக்கு வருபவர் தேசிங்கு ராஜா. 1714-ல் ஆற்காடு நவாபின் படையோடு மோதி உயிர்விட்டபோது அவருக்கு வயது 22தான் என்கிறார்கள்.

இந்தக் கால இளைஞர்கள் எதற்காக வாழ நினைக்கிறார்கள்? இதை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியல் பேராசிரியர் வில்லியம் டேமன். 1970-களில் 'எது நியாயம்?' என்று குழந்தைகளிடம் கேட்டு ஆய்வைத் தொடங்கியவர், பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இளைஞர்கள் பக்கம் திரும்பினார். அவர் ஆய்வில் தெளிவான இலக்கோடு இருந்தவர்கள் ஐந்தில் ஒருவர்தான்.

சம்பளம் மட்டுமே இலக்கு ஆகாது. தனக்கும் பிடித்து, பிறருக்கும் பயன்பட வேண்டும் என்கிறார் டேமன். அதைப் பெற்றோர் திணிக்க முடியாது, பேச்சுக் கொடுக்கலாம்.

அடுத்த முறை ராஜகிரி ஏறும்போது, "உனக்கு எது முக்கியம்? ஏன்?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் பரவாயில்லை. ஏறவேண்டிய படிகள் நிறைய இருக்கின்றன.