தளர்ந்தது ரன்னர், எறிவது கோட்டா?

ஐப்பசி மழையில் வண்டியோட்டும் நாம், மழைக்கோட்டின் ஜிப் வாய் பிளந்ததும் கோட்டையே எறிந்துவிடுகிறோம். சேலையின் உடலையும் கரையையும் கோர்வையால் பிணைத்து, முந்தானையை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் சின்ன காஞ்சிபுரத்தார்க்கு இது அழகன்று. 1917இல் கிடியான் சுண்ட்பேக் காப்புரிமை பெற்ற ஜிப்பும் ஒருவகைக் கோர்வையே அன்றோ!

பெரும்பாலும் பற்களில் பழுதிராது. அவற்றைக் கோக்கும் ரன்னரே தேய்ந்து தளர்ந்திருக்கும். அதனை அடிவரை இறக்கி, மேல்தகடும் கீழ்தகடும் சற்றே நெருங்குமாறு, பின்பகுதியின் இரு ஓரங்களையும் குறட்டால் மாறி மாறி மெல்ல அழுத்தினால் பிடி மீளும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் இழுத்துப் பார்த்தல் நலம். வார்ப்பு உலோகம், முரட்டுக் கைக்கு முறிந்துவிடும். ஓட்டம் சிக்கினால் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கலாம். பல்லே உதிர்ந்திருப்பின், தையற்காரரிடம் கொடுத்து ஜிப்பை மட்டும் மாற்றுவோம்.