சுமைதாங்கிக்கும் ஒரு பலகை வையுங்களேன்!

ஆரணி என்றால் பட்டு. அது ஊர் உலகத்துக்கே தெரியும். ஆனால் 1751-ல் ராபர்ட் கிளைவ் படையும், 1782-ல் ஐதர் அலி படையும் இங்கே வந்து சண்டை போட்டது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவாவது போகட்டும், புத்தகத்தில் இருக்கிறது. ரோட்டோரக் கல்லில் இருப்பதெல்லாம் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களின் கதை. அது போனால் போனதுதான்!

சுமைதாங்கிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் துணையும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக, அவள் வீட்டார் வைக்கிற கல் அது. இறக்கி வைக்காத சுமையோடு போய்விட்டாளே, அவள் பேரைச் சொல்லி நாலு பேர் சுமை இறங்கட்டும் என்று வைத்தார்கள். இதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் உண்டா?

நம் திருவண்ணாமலை மாவட்டம் நடுகல்லுக்குப் பேர் போனது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பற்றித் தொல்லியல் துறை 1972-லேயே புத்தகம் போட்டது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில், எஜமானுக்காகத் திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயர்கூட இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன்!

என் அம்மா ஊருக்குப் போகிற வழியில் இருந்த சுமைதாங்கியை, ரோடு அகலப்படுத்த வந்தவர்கள் பொக்லைனால் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அதன் மேல்கல் ஒரு வீட்டில் துணி துவைக்கிற கல். அது என்ன கல் என்று ஒரு பலகை இருந்திருந்தால் கை வைக்க யோசித்திருப்பார்கள் இல்லையா?

"சோற்றுக்கே திண்டாட்டம், கல்லுக்கு என்ன வந்தது?" என்று கேட்பீர்கள். பிறந்தநாளுக்கு ரோட்டை அடைத்து பேனர் வைக்க மட்டும் பணம் எங்கிருந்து வருகிறதாம்?

தோழிகளே, நம்மால் முடிந்தது நிறைய இருக்கிறது. ரோடு வேலை ஆரம்பித்ததும், அங்கே பழைய கல் இருந்தால் செல்போனில் படம் எடுத்து வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்துக்கு மகளிர் குழுவோடு போய், தமிழில் ஒரு பலகை வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். விவரத்தைத் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சரியாக எழுத வேண்டும். தப்பாக எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம். நடுகல்லைச் சாமியாகக் கும்பிடுகிறவர்கள் தாராளமாகக் கும்பிடட்டும். எழுத்தின் மேல் எனாமல் பெயின்ட் மட்டும் அடிக்க வேண்டாமே!

பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்களுக்காக நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

– ஒரு வாசகி, ஆரணி.